கேபினுக்கும் கிங் பின்னுக்கும் நடுவே 38 அங்குலம்: ஒரு ஃபிஃப்த் வீல் ஹிட்ச் தேர்வின் கதை

பக்கத்து வீட்டுக்காரர் மிச்சிகன் பயணத்திலிருந்து திரும்பியபோது, அவருடைய பிக்கப்பின் பின் கண்ணாடி இருந்த இடத்தில் கறுப்புக் குப்பைப் பை ஒன்று டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது. நானூறு மைல் அந்தப் பை படபடவென்று அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. பின்னால் இழுத்து வந்த டிரெய்லரின் முன்பக்க இடது மூலையில், ஃபைபர் கிளாஸில் கையகலத்துக்கு ஒரு விரிசல். மனிதர் இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை: "வேகம் நடக்கிற வேகம்கூட இல்லை."

அவர் ஓட்டத் தெரியாதவர் அல்ல. இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி ஓய்வு பெற்ற நர்ஸ். எதையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்துச் சரிபார்க்கிற ஆள். இருவரும் சேர்ந்து 31 அடி நீள ஃபிஃப்த் வீல் டிரெய்லர் ஒன்றை வாங்கி, இரண்டு கோடைகாலம் சுற்றியிருந்தார்கள். நாங்கள் இருப்பது இந்தியானாவின் வடக்கு மூலையில், எல்க்ஹார்ட் பக்கம். அமெரிக்காவில் ஓடும் இழுவை வீடுகளில் பெரும்பங்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் தயாராகிறது. தெருவுக்கு நாலு பேர் அந்தத் தொழிலில் இருப்பார்கள். அப்படிப்பட்ட ஊரிலேயே இது நடந்தது என்பதால்தான் உட்கார்ந்து அளந்து பார்க்கலாம் என்று தோன்றியது. நான் சஸ்பென்ஷன் பாகங்கள் வடிவமைக்கிறவன். அளவெடுப்பது என் வேலை, டிரெய்லர் இழுப்பது அவருடைய பழக்கம். இரண்டும் சேர்ந்து மூன்று வார இறுதிகளைத் தின்றன.

நடந்தது இதுதான். சுப்பீரியர் ஏரிக் கரையோரம் ஒரு கூடார மைதானம். மாலை மங்கி, தூறல். ஒதுக்கிய இடம் மரங்களுக்கு நடுவே இடுக்காக இருந்தது. டிரெய்லரைப் பின்னோக்கி நுழைக்க வேண்டும். மனைவி பின்னால் டார்ச்சுடன் நின்று வழி சொல்ல, இவர் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தார். டிரெய்லர் திரும்பியது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். அப்புறம் தலைக்குப் பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம், கழுத்தில் கண்ணாடித் தூள். டிரெய்லரின் மூலை கேபினுக்குள் வந்து பார்த்திருந்தது.

டிரெய்லரைப் பிக்கப்போடு மாட்டும் இணைப்புக்கு ஹிட்ச் என்று பெயர். அவர் வைத்திருந்தது முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய ஸ்லைடர் வகை. இப்படிப்பட்ட திருப்பத்துக்கென்றே செய்தது. லீவரை இழுத்து 12 அங்குலம் பின்னுக்குத் தள்ளியிருந்தால் எதுவும் ஆகியிருக்காது. தள்ளவில்லை. மனைவியின் நோட்டைப் பார்த்தேன். நிறுத்தும்போது செய்ய வேண்டியவை என்று 14 வரி. லீவர் 14-ஆவது வரி, பக்கத்தைப் புரட்டினால்தான் தெரியும்.

ஃபிஃப்த் வீல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரியின் பின்புறம், டிரெய்லர் இல்லாமல் தனியாக ஓடும்போது பார்த்திருப்பீர்கள்: கிரீஸ் அப்பிய ஒரு இரும்புத் தட்டு, நடுவே பிளவு. டிரெய்லரின் அடியில் தொங்கும் கிங் பின் அந்தப் பிளவுக்குள் நுழைந்து பூட்டிக்கொள்ளும். குதிரை வண்டிக் காலத்தில் முன்னச்சு திரும்புவதற்காகப் படுக்கைவாட்டில் ஒரு வளையம் வைத்தார்கள். நாலு சக்கரத்துக்கு மேல் ஐந்தாவதாக ஒன்று என்று அதற்குப் பெயர் வந்தது; வண்டி மாறியும் பெயர் மாறவில்லை. பிக்கப்பில் வைப்பது இதன் சின்ன உருவம். கிங் பின் 2 அங்குல விட்டம். பம்பருக்குப் பின்னால் உருண்டையில் மாட்டி இழுக்கும் டிரெய்லருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம், பாரம் எங்கே இறங்குகிறது என்பது. அங்கே பாரம் பின்னச்சையும் தாண்டித் தொங்கும். இங்கே அச்சுக்கு நேர் மேலே, அல்லது ஓரிரு அங்குலம் முன்னால் உட்காரும். அதனால்தான் காற்றடித்தாலும் வால் ஆடுவது குறைவு.

மாட்டுவண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இது புதிதல்ல. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து அழுந்தும், பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சொகுசான இடம் உண்டு. ஃபிஃப்த் வீலில் அந்த இடம் டிரெய்லரின் மொத்த எடையில் 15 முதல் 25 சதவீதம் கிங் பின்மேல் இறங்குவது; பெரும்பாலும் 20-ஐ ஒட்டி நிற்கும்.

முதல் அளவு

கடைக்காரர்களிடம் ஹிட்ச் கேட்டால் முதலில் சொல்லும் எண் 16,000, 20,000, 25,000 பவுண்டு. அவ்வளவு எடையை இழுக்கும் என்று அர்த்தம். பெரியவரும் அப்படித்தான் வாங்கியிருந்தார்: டிரெய்லரின் வரம்பு 12,400 பவுண்டு, அதாவது சுமார் 5,600 கிலோ, ஹிட்ச் 18,000. "பாதிக்குப் பாதி மிச்சம் இருக்கே" என்றார். உண்மைதான், அந்த இரும்பு உடையவில்லை, உடையவும் போவதில்லை. பெயர் பெற்ற தயாரிப்பாளர்கள் எல்லாம் வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ.-யின் ஜே2638 என்ற தரத்தின்படி சோதித்துத்தான் விற்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் ஹிட்ச் தேர்வில் ஆகக் குறைவாக உதவும் எண் இதுதான். எல்லாரும் கேட்பதும் இதைத்தான்.

நாங்கள் முதலில் எடுத்தது டேப். பின்னச்சின் நடுவிலிருந்து கேபினின் பின்சுவர் வரை அளந்தோம். சக்கர மையத்துக்கு நேரே பிக்கப்பின் சரக்குப் பெட்டி விளிம்பில் ஒரு டேப் துண்டை ஒட்டி, அங்கிருந்து முன்னோக்கி: 40 அங்குலம். கிங் பின் அச்சுக்கு 2 அங்குலம் முன்னால் உட்காருகிறது. ஆக, கிங் பின்னிலிருந்து கேபினுக்கு 38. டிரெய்லரின் அகலம் 8 அடி. பாதி 48 அங்குலம். டிரெய்லர் பிக்கப்புக்குச் செங்குத்தாக, 90 பாகை திரும்பி நிற்கும்போது அதன் பக்கவாட்டுச் சுவர் கிங் பின்னிலிருந்து 48 அங்குலம் முன்னே வந்து நிற்கும். இருப்பதோ 38. பத்து அங்குலத்துக்கு எங்கே போவது? கேபினுக்குள்தான்.

இதற்கு எதிர்வாதம் ஒன்றைக் கடையில் சொல்வார்கள்: "மூக்கின் மூலைகளைச் சரித்து வைத்திருக்கிறோம், 90 பாகை திரும்பும்." இவருடைய டிரெய்லரில் முன்சுவரின் மூலை கிங் பின்னுக்கு 12 அங்குலம் பின்தங்கி இருந்தது. அதனால் சின்னத் திருப்பங்களில் மூலை எட்டாது என்பது சரிதான். கணக்குப் போட்டால், 38 அங்குலத்தை அந்த மூலை தொடுவது ஏறக்குறைய 64 பாகையில். நெடுஞ்சாலையில், பெட்ரோல் பங்கில், சாதாரணத் தெருமுனையில் அவ்வளவு திருப்பம் வராது. அதனால்தான் இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை. மரங்களுக்கு நடுவே பின்னோக்கி நுழைக்கும்போது வந்தது. ஸ்லைடரைத் தள்ளியிருந்தால் 38 என்பது 50 ஆகியிருக்கும். மூலை எந்தப் பாகையிலும் அதிகபட்சம் எட்டுவது 49½. அரை அங்குல மிச்சம்! தரை சற்றுச் சாய்ந்திருந்தால் அதுவும் போச்சு.

8 அடிப் பெட்டி உள்ள பிக்கப்பில் இந்தப் பேச்சே இல்லை. அச்சு அவ்வளவு பின்னால் இருப்பதால் நகராத ஹிட்ச்சே போதும். ஆனால் இப்போது கடையில் நிற்கும் நாலு கதவு பிக்கப்புகளில் பாதிக்கு மேல் ஆறரை அடி, ஐந்தரை அடிப் பெட்டிகள்தான் கண்ணில் படுகின்றன. குடும்பமும் உட்கார வேண்டும், கராஜுக்குள்ளும் நுழைய வேண்டும் என்றால் பெட்டிதான் குறையும்.

ஸ்லைடரை ஏன் எப்போதும் பின்னால் தள்ளியே வைத்து ஓட்டக் கூடாது என்று நானும் கேட்டேன். அப்படி வைத்தால் பாரம் அச்சுக்குப் பத்து அங்குலம் பின்னால் இறங்கும். இவர் வண்டியில் முன் சக்கரத்திலிருந்து 140 பவுண்டுக்கு மேல் குறையும். ஸ்டியரிங் லேசாகிவிடும். பின்பாரம் கூடிய வண்டி! நடை வேகத்துக்கு மேல் அது கூடாது. அதாவது ஒவ்வொரு இடுக்கான திருப்பத்துக்கு முன்பும் இறங்கி, டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, லீவரை இழுத்து, ஏறி, பிக்கப்பை முன்னால் நகர்த்தி, 'கிளிக்' கேட்டு, பிறகு திருப்ப வேண்டும். முடிந்ததும் மறுபடி அத்தனையும் தலைகீழாக. மழையில். ஆறு மணி நேரம் ஓட்டிய களைப்பில்.

மஞ்சள் ஸ்டிக்கர்

கண்ணாடி விஷயம் அதோடு முடிந்திருக்கும். புதுக் கண்ணாடி, நோட்டில் லீவரை முதல் வரிக்கு ஏற்றினால் போதும். ஆனால் அளக்கும்போது ஓட்டுநர் கதவைத் திறந்தேன். கதவுத் தூணில் வெள்ளையும் மஞ்சளுமாய் டயர் விவர ஸ்டிக்கர். பயணிகளும் சரக்கும் சேர்ந்து 2,386 பவுண்டைத் தாண்டவே கூடாது என்று அதில் அச்சடித்திருந்தது.

"இந்த ட்ரக் 15,000 பவுண்டு இழுக்கும் என்றுதானே சொன்னார்கள்?" என்றார் பெரியவர்.

இழுக்கும். இழுப்பது வேறு, சுமப்பது வேறு. ஃபிஃப்த் வீலில் டிரெய்லரின் ஐந்தில் ஒரு பங்கை பிக்கப் முதுகில் சுமக்கிறது. இவருடையது முக்கால் டன் என்று அழைக்கப்படும் வகை, டீசல் எஞ்சின், மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு. டீசல் எஞ்சின் கனமானது. அது இழுவையைக் கூட்டும் அதே கையால் சுமக்கும் இடத்தைச் சாப்பிட்டுவிடும். இது பலருக்கு உறைப்பதில்லை.

மறுநாள் நெடுஞ்சாலையோர லாரி நிலையத்தில் இருக்கும் கேட் ஸ்கேல் எடைமேடைக்குப் போனோம். அங்கே முன்னச்சு, பின்னச்சு, டிரெய்லர் அச்சு மூன்றும் தனித்தனித் தட்டுகளில் நிற்கும். ஒரு தடவையில் மூன்று எண் கிடைக்கும். முதலில் பயணத்துக்குப் போவதுபோல முழுதாக ஏற்றி, டிரெய்லருடன். அப்புறம் டிரெய்லரைக் கழற்றிவிட்டு பிக்கப் மட்டும்.

பிக்கப் மட்டும், இருவரும் உட்கார்ந்து, ஹிட்ச்சும் பெட்டியில் அடுப்பு, கருவிப் பெட்டி எல்லாமுமாக: 8,280 பவுண்டு. டிரெய்லருடன்: முன்னச்சு 4,780, பின்னச்சு 5,800, டிரெய்லர் அச்சுகள் 9,180. முதல் இரண்டையும் கூட்டினால் 10,580. வித்தியாசம் 2,300, அதுதான் கிங் பின்மேல் இறங்கும் பாரம். டிரெய்லர் மொத்தம் 11,480, அதில் 20 சதவீதம். புத்தகத்தில் படிப்பதுபோல் வந்து நின்றது.

விற்பனைச் சீட்டில் கிங் பின் பாரம் என்று போட்டிருந்தது 1,810. அது வெறும் டிரெய்லர்: தண்ணீர் இல்லை, கேஸ் சிலிண்டர் நிரப்பவில்லை, பேட்டரி இல்லை, பாத்திரம் பண்டம் இல்லை. குடியிருக்கும்போது கூடும் எடையில் நிறையப் பங்கு மூக்கடியில் இருக்கும் பெரிய சரக்கறைக்குள்தான் போகிறது. அது கிங் பின்னுக்குச் சற்றுப் பின்னால்தான். இவருடைய சரக்கறையில் ஜெனரேட்டர், மடக்கு நாற்காலிகள், விறகு, இரண்டு அட்டைப்பெட்டி புத்தகம். விறகு!

ஆக 10,000 வரம்புக்கு 580 பவுண்டு அதிகம், சுமார் 260 கிலோ. பின்னச்சின் தனி வரம்பு 6,200. அதற்குள் இருக்கிறது, டயர்களும் அதற்குள் இருக்கின்றன. அதனால் வண்டி முனகாமல் ஓடியது. "அச்சு தாங்குகிறதே, அப்புறம் என்ன?" என்று கேட்கிறவர்களை எனக்குத் தெரியும். வரம்பு என்பது அச்சு மட்டுமல்ல. பிரேக், சட்டகம், ஸ்பிரிங் எல்லாவற்றையும் சேர்த்து வைத்த ஒரு எண். பெரியவர் அந்த வாதத்துக்குப் போகவில்லை. பேருந்தில் குழந்தைகளை ஏற்றி இறக்கியவர், வரம்பு என்றால் வரம்பு.

என்னென்ன பார்த்தோம்

இப்போது ஹிட்ச் தேர்வு இரண்டு கேள்வியாகிவிட்டது: கேபினில் இடிக்காமல் இருக்க வேண்டும், எடை குறைய வேண்டும். ஒன்றைத் தீர்த்தால் மற்றது கெடுகிறது என்பதுதான் கூத்து.

லேசான வழி முதலில். ஆண்டர்சன் அல்டிமேட் என்ற அலுமினிய ஹிட்ச் உண்டு. தாடையும் தட்டும் இல்லை. உருண்டை வைத்து அதன்மேல் புனல் போன்ற ஒரு மூடியை இறக்கிப் பூட்டுகிறார்கள். எடை சுமார் 40 பவுண்டு. ஒரு ஆள் தூக்கிப் போட்டுவிடலாம். பழைய ஸ்லைடர் 210. ஆக 170 பவுண்டு மிச்சம். ஆனால் 580-இல் 170 போனாலும் 410 நிற்கிறது. அது நகரவும் நகராது. கொஞ்சம் பின்தள்ளி மாட்ட முடியுமே தவிர, எங்களுக்கு வேண்டிய பத்து அங்குலம் அதில் கிடைக்காது.

பிக்கப் பெட்டியின் நடுவே நிற்கும் உருண்டைக்கு (கூஸ்நெக் என்பார்கள்) ஏற்ப டிரெய்லரின் மூக்கையே நீட்டி மாற்றும் இணைப்புகளும் விற்கிறார்கள். விலை மலிவு, பெட்டி காலியாக இருக்கும். இதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. கிங் பின் இருக்கும் இடத்திலிருந்து கீழே நீண்ட ஒரு கை முளைக்கிறது; பிரேக் பிடிக்கும்போதும் கிளம்பும்போதும் அந்தக் கையின் நீளம் நெம்புகோலாக வேலை செய்து டிரெய்லரின் முன் சட்டகத்தை முறுக்கும். சில சட்டகத் தயாரிப்பாளர்கள் இதை மாட்டினால் உத்தரவாதம் கிடையாது என்றே சொல்லிவிடுகிறார்கள்.

மூன்றாவது, சுழலும் கிங் பின் பெட்டி, அதாவது டிரெய்லரின் மூக்கில் கிங் பின்னைத் தாங்கும் பகுதி. ரீஸ் நிறுவனத்தின் சைட்வைண்டர் இந்த வகையில் பெயர் பெற்றது. திரும்பும் புள்ளியை ஹிட்ச்சிலிருந்து எடுத்து, 22 அங்குலம் பின்னால் டிரெய்லருக்கு அடியில் வைத்துவிடுகிறது. ஹிட்ச்சின் தலையில் ஒரு ஆப்பு நுழைந்து அது திரும்பாமல் பிடித்துக்கொள்ளும். நகராத, எளிய ஹிட்ச் ஒன்று போதும். நல்ல ஏற்பாடு, நினைவு வைத்துக்கொள்ள எதுவும் இல்லை. இதை ஏறக்குறைய முடிவே செய்துவிட்டோம்.

நாலாவது, தானாக நகரும் ஸ்லைடர். எங்களுக்கு அக்கம்பக்கத்து ஊரான மிஷவாக்காவில் இருக்கும் புல்ரைட்டின் சூப்பர்கிளைட் இந்த வகை. இதற்குள் மோட்டாரோ ஒயரோ இல்லை. டிரெய்லரின் கிங் பின் பெட்டியில் ஒரு தகட்டை மாட்டிவிடுவார்கள். அது ஹிட்ச்சின் மேல்தட்டைப் பிடித்துக்கொண்டு தன்னோடு திருப்பும். மேல்தட்டு திரும்பத் திரும்ப, அடியில் இருக்கும் வளைந்த பாதை முழுத் தலையையும் பின்னால் தள்ளும். 90 பாகைக்கு 14 அங்குலம். நேராக்கினால் தானே முன்னால் வந்துவிடும். நான் கடையில் கையால் திருப்பிப் பார்த்தேன்: கிரீஸில் வழுக்கிக்கொண்டு, ஆட்டுக்கல் குழவிபோலக் கனமாக, ஆனால் தடங்கலில்லாமல் போனது. குறை: விலை அதிகம், எடை 300 பவுண்டை ஒட்டி. ஏற்கெனவே இருக்கும் 580 அதிகத்தின்மேல் இன்னும் 90 ஏற்றும். கிரீஸும் விடாமல் போட வேண்டும். சுழலும் கிங் பின் பெட்டியோடு சேர்த்து வைக்கவும் முடியாது, இரண்டில் ஒன்றுதான்.

ஐந்தாவதாக மனைவி ஒன்று சொன்னார்: "விறகை எடுத்துவிடலாமே." எடுத்தோம். விறகு, புத்தகம் எல்லாம் சேர்த்து 120 பவுண்டு.  கிங் பின் பாரம் 2,300-லிருந்து 2,240 ஆனது. அவ்வளவுதான். ஃபிஃப்த் வீலில் மூக்கிலிருந்து வாலுக்குச் சாமானை மாற்றியெல்லாம் அறுநூறு பவுண்டு குறைக்க முடியாது. அப்படியே குறைத்தாலும் 15 சதவீதத்துக்குக் கீழே போகும்போது டிரெய்லர் நிலை தவறும்.

சுமைகூலி முக்கால் பணம்

கணக்கு எங்கே சுற்றினாலும் ஒரே இடத்துக்கு வந்தது: இந்த டிரெய்லருக்கு இந்த ட்ரக் சரியில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும். ஹிட்ச் பார்க்கப் போய் வண்டியை மாற்றுவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். பெரியவர் இரண்டு வாரம் பேசவில்லை. அப்புறம் ஒரு டன் வகையில், பின்னச்சில் ஒற்றைச் சக்கரம் உள்ள ஒரு பழைய பிக்கப்பைப் பார்த்துவிட்டு வந்தார்.

என் யோசனை 8 அடிப் பெட்டி. நகராத ஹிட்ச், மறக்க எதுவுமில்லை, எடையும் குறைவு, விலையும் குறைவு. பொறியியல் கண்ணுக்கு அதைவிட நல்ல விடை கிடையாது. மனைவி டேப்பை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனார். நாலு கதவு, 8 அடிப் பெட்டி என்றால் வண்டி 22 அடியைத் தொடும். கராஜ் 21½. "பனிக்காலத்தில் வண்டி வெளியே நிற்காது" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இங்கே ஜனவரியில் கண்ணாடியில் பனி சுரண்டியவர்கள் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அதனால் வாங்கியது சின்னப் பெட்டிதான். அச்சிலிருந்து கேபினுக்கு அதே 40 அங்குலம். ஆனால் கதவு ஸ்டிக்கரில் 3,780. கணக்கு இப்படி: இருவர் 360, அடுப்பு கருவிப் பெட்டி 96, தானாக நகரும் ஹிட்ச் 300, கிங் பின் பாரம் 2,240. மொத்தம் 2,996. இன்னும் 780-க்கு மேல் இடம் இருக்கிறது. கனம் என்று தள்ளிவைத்த ஹிட்ச் இந்த வண்டியில் கனமே இல்லை. ஸ்டிக்கரில் உள்ள எண் வண்டி ஆலையிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்கு. பின்னால் மாட்டும் ஹிட்ச் அதில் கழிந்திருக்காது, நாம்தான் கழிக்க வேண்டும்.

சுழலும் கிங் பின் பெட்டியா, தானாக நகரும் ஹிட்ச்சா என்பதில் கடைசி வரை இழுபறி. முடிவு செய்தது தொழில்நுட்பம் அல்ல. பேத்தியின் குதிரை டிரெய்லரை அவ்வப்போது கூஸ்நெக் உருண்டையில் இழுக்க வேண்டியிருக்கிறது. புது ட்ரக்கில் ஆலையிலேயே வைத்த நாலு பக்கத் துளைகளும் நடுத்துளையும் இருந்தன. துளைகளில் நிற்கும் ஹிட்ச்சை முழுதாகத் தூக்கி எடுத்துவிட்டால் பெட்டி வெறிச்சென்று ஆகிவிடும். அப்படித் துளைகளில் நிற்கும் தானாக நகரும் ஹிட்ச்சையே எடுத்தோம். பழைய வண்டியில் போல்ட் அடித்த இரண்டு தண்டவாளங்கள் நிரந்தரமாய்க் கிடந்து கால் தடுக்கும். இந்தத் துளைகள் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அளவு. ஒரு கம்பெனி வண்டிக்கு வாங்கிய ஹிட்ச் அடுத்ததில் உட்காராது.

தாடையில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. விலை குறைந்த ஹிட்ச்களில் ஒரு கம்பி குறுக்கே ஓடி பின்னைத் தடுக்கும். ஒரு பக்கம்தான் பிடி. நாளடைவில் இடைவெளி விழுந்து, சிக்னலில் நிற்கும்போதும் கிளம்பும்போதும் 'லொடக்' என்று முதுகில் குத்தும். இரு பக்கமும் சுற்றிப் பிடிக்கும் தாடைதான் வேண்டும் என்றேன். தலை முன்பின் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் சாய வேண்டும். சமமில்லாத மண்ணில் மாட்டும்போதுதான் அதன் அருமை தெரியும்.

மாட்டிப் பார்த்தபோது

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆளில்லாத தேவாலய வாகன நிறுத்தத்தில் சோதனை. முதல் தடவை மாட்டியபோதே ஒரு பாடம். பெரியவர் பின்னால் வந்தார், 'டங்' என்று சத்தம், லீவர் தானே மூடியது. இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். மனைவி டார்ச்சைப் பெட்டிக்குள் அடித்து, "வெளிச்சம் அந்தப் பக்கம் தெரிகிறதே" என்றார். குனிந்து பார்த்தேன். டிரெய்லரின் அடித்தட்டுக்கும் ஹிட்ச்சின் மேல்தட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. கிங் பின் தாடைக்குள் முழுதாக இறங்கவில்லை. உயரத்தில் நின்று, நுனிதான் மாட்டியிருந்தது. லீவர் மூடியதைப் பார்த்து ஏமாந்து சாலைக்கு எடுத்துப் போனால், முதல் பள்ளத்தில் டிரெய்லர் துள்ளிக் கழன்று பெட்டியின் இரு விளிம்பின்மேலும் விழும். கழற்றி, முன்கால்களைச் சுருக்கி டிரெய்லரின் மூக்கை ஒரு அங்குலம் இறக்கி, மறுபடி மாட்டினோம். இந்த முறை தட்டோடு தட்டு ஒட்டியது, வெளிச்சம் தெரியவில்லை. பிறகு முன்கால்கள் தரையிலேயே இருக்க, டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பிக்கப்பை முன்னால் இழுத்துப் பார்த்தார். நகரவில்லை. அதற்கப்புறம்தான் கால்களைத் தூக்கினோம்.

திருப்பச் சோதனையில் நான் பெட்டியோரம் நின்றேன். இவர் நத்தை வேகத்தில் ஒடிக்க ஒடிக்க, ஹிட்ச்சின் தலை முனகலில்லாமல் பின்னால் போனது. பழைய வண்டியில் கண்ணாடி உடைந்த அந்தக் கோணத்தில் இன்னும் தாராளமாக இடம் இருந்தது. செங்குத்தாக வந்ததும் நிறுத்தச் சொல்லி, கேபினுக்கும் டிரெய்லருக்கும் நடுவே கையைப் படுக்கவைத்து நுழைத்தேன். காகிதக் கணக்குப்படி 4 அங்குலம் இருக்க வேண்டும். நாலு விரல் நுழைந்தது, கட்டைவிரல் நுழையவில்லை. தரை லேசாய்ச் சரிந்திருந்தது. மேலும் ஒடிக்க வேண்டாம் என்று நானே கத்திவிட்டேன். 90-ஐத் தாண்டினால் மூலை இன்னும் ஒன்றரை அங்குலம் முன்னே வரும்.

எடைமேடை: முன்னச்சு 4,860, பின்னச்சு 5,860, டிரெய்லர் 9,120. ட்ரக் மொத்தம் 10,720, வரம்பு 11,500.

சரியாகாத ஒன்றும் இருக்கிறது. புது வண்டி பழையதைவிட உயரம். பெட்டி விளிம்புக்கும் டிரெய்லரின் அடிவயிற்றுக்கும் நடுவே ஆறு அங்குலமாவது வேண்டும், மேட்டிலும் பள்ளத்திலும் இடிக்காமல் இருக்க. முதலில் வந்தது 4½. ஹிட்ச்சை ஒரு துளை ஏற்றியதில் 6 ஆனது. ஆனால் டிரெய்லர் இப்போது மூக்கை ஒன்றரை அங்குலம் தூக்கி நிற்கிறது. அதனால் டிரெய்லரின் பின் அச்சு முன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாய்ச் சுமக்கிறது. சரிசெய்ய டிரெய்லரின் ஸ்பிரிங் கொக்கிகளை உயர்த்த வேண்டும். வசந்தத்தில் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறோம்.

நோட்டில் லீவர் வரி அடிக்கப்பட்டு, முதல் வரியாக 'டார்ச், தட்டு' என்று இருக்கிறது. பழைய ஸ்லைடரை விற்க விளம்பரம் கொடுத்தார்கள். இதுவரை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு ஐந்தரை அடிப் பெட்டி, 12 அங்குல நகர்வு போதாது என்று பெரியவரே அளந்து பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொருவர் வண்டியில் தண்டவாளம் இல்லை. மனைவி போராடிக் காப்பாற்றிய கராஜில், வண்டிக்கும் சுவருக்கும் நடுவே, அந்த 210 பவுண்டு இரும்பு இன்னும் உட்கார்ந்திருக்கிறது.